மிதந்த மாம்பழம்

எங்கள் உப்பளத்தில் முதலாளி சொன்னால் பாத்திக்குத் தண்ணீர் வராது. அருமைநாயகம் அண்ணாச்சி சொன்னால்தான் வரும். அவருக்கு மேலே ஏஜெண்டு இருந்தார், மேனேஜர் இருந்தார், ஆபீஸில் மின்விசிறிக்கு அடியில் கிளார்க்காக நான் இருந்தேன். எங்களில் யார் அவசரப்பட்டாலும் அவர் பாட்டுக்குக் குனிந்து, கையிலிருக்கும் கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் விட்டு, அது ஆடி அடங்கும் வரை குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். பிறகு எழுந்து ஒரு எண்ணைச் சொல்வார். அதோடு பேச்சு முடிந்தது.

உப்பளம் பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். கடல் தண்ணீர் வெயிலில் காயக் காயச் சுண்டிக் கனமாகும். சரியான கனம் வந்த பிறகுதான் உப்பு விளைகிற பாத்திக்குள் அதை விடவேண்டும். முந்திவிட்டால் உப்பு மணி பிடிக்காமல் சவளையாகும், பிந்திவிட்டால் கசக்கும். அந்தக் கனத்தைப் பார்க்கத்தான் குழாய். அடியில் ஈயக் குண்டு, உடம்பெல்லாம் கோடும் எண்ணும். தண்ணீர் கனமாக ஆக, குழாய் மேலே ஏறி நிற்கும். தண்ணீர் மட்டத்தில் எந்தக் கோடு நிற்கிறதோ அதுதான் டிகிரி. தூத்துக்குடி உப்பெல்லாம் இந்த ஒரு சொல்லில்தான் விளைகிறது.

ஒரு தடவை ஏஜெண்டு பாத்தி வரப்பில் நின்றுகொண்டு அவரிடம் மல்லுக்கட்டினார்.

“வெயில்தான் இப்படிக் கொளுத்துதே அண்ணாச்சி, இன்னிக்கே தண்ணியத் தொறந்து விடும்.”

“டிகிரி வரல.”

“இன்னொருக்கா பாருமே.”

“பாத்த டிகிரிய மறுபடி பாக்கிற வழக்கம் எனக்குக் கெடையாது,” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி அடுத்த பாத்திக்குப் போய்விட்டார். ஏஜெண்டு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

வீட்டிலும் இதே கதைதான். பால்காரர் மாசானம் வாசலில் சொம்பை வைத்தவுடன் அண்ணாச்சி குழாயைப் பாலுக்குள் விடுவார். உப்புத் தண்ணீர்க் குழாய்க்குப் பாலில் என்ன தெரியுமோ, மாசானத்துக்கு மட்டும் முகம் வெளுத்துப் போகும். “எல்லாருக்கும் தண்ணி ஊத்துதேன், இந்த மனுசனுக்கு மட்டும் பயந்து வருது,” என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அண்ணாச்சிக்கு நாசரேத் பக்கம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். மூன்றாம் மைல் பக்கம் சொந்தமாக ஒரு சிறிய வீடு. பிள்ளைகள் இல்லை. மனைவி ஜெபகனியை நான் பார்த்ததில்லை. நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வருஷம்தான் அந்த அம்மா காய்ச்சலில் இறந்துபோனார்கள். ஆனால் அண்ணாச்சி பேசினால், “நாங்க சாப்பிட்டாச்சு”, “நாங்க நேத்து கோயிலுக்குப் போயிருந்தோம்” என்றுதான் சொல்வார். புதிதாக வந்தவன் நான். வீட்டில் அந்த அம்மா இருக்கிறார்கள் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனபோது அடுப்படியில் இரண்டு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. யாரோ விருந்தாளி போலிருக்கிறது என்று கேட்டேன். “ஒண்ணுலதான் சாப்பிடுதேன். இன்னொண்ணு சும்மா கெடந்தா தூசி படியுமில்லா,” என்றார்.

என் பெயர் சிவனணைந்தபெருமாள். முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்று எல்லோரும் பெருமாள் என்றே கூப்பிடுவார்கள். ஆற்றுப் பாசன ஊர்க்காரன், அப்போது கல்யாணம் ஆகவில்லை, லாட்ஜில் தனியாகத் தங்கியிருந்தேன். சாயங்காலம் ஆனால் போக இடம் கிடையாது. அதனால்தான் இந்தக் கதையில் மாட்டிக்கொண்டேன்.

அவர் வீட்டுப் பின்பக்கம் ஒரு மாமரம் நின்றது. ஜெபகனி அம்மா வைத்தது. கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லாமல், பாளையங்கோட்டைக்கு ஒரு பெரிய டாக்டரைப் பார்க்க இரண்டு பேரும் போயிருக்கிறார்கள். இனிமேல் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழியில் பஸ் நின்ற இடத்தில் அந்த அம்மா ஒரே ஒரு மாம்பழம் வாங்கி, ஆளுக்குப் பாதியாகப் பஸ்ஸிலேயே சாப்பிட்டிருக்கிறார்கள். அதுவரை வாய் திறக்காமல் வந்த அந்த அம்மா, “இவ்வளவு இனிப்பா ஒரு பழம் நான் தின்னதே இல்ல,” என்று சொல்லிக் கொட்டையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்களாம்.

நட்ட அன்றைக்கே வீட்டில் சண்டை. “ஏளா, கொட்டையில மொளச்சது தாய் மாதிரி காய்க்காது. புளிச்சுத்தான் கெடக்கும். நல்ல ஒட்டுக் கன்னா வாங்கித் தாரேன்,” என்றிருக்கிறார் இவர். “இது அதே மாதிரிதான் காய்க்கும். நீங்க இருந்து பாருங்க,” என்றிருக்கிறார்கள் அவர்கள். மரம் வளர்ந்துகொண்டே இருந்தது, சண்டையும் கூடவே வளர்ந்தது. யார் சொன்னது சரி என்று தெரிவதற்கு முன்னால் அந்த அம்மா போய்விட்டார்கள்.

புதுத் துறைமுகம் திறந்ததற்கு அடுத்த வருஷம் அந்த மரம் முதன்முதலாகப் பூத்தது. காற்றில் பூவெல்லாம் கொட்டி, பிஞ்செல்லாம் உதிர்ந்து, கடைசியில் ஒரே ஒரு காய் நின்றது. அண்ணாச்சி அதற்கு ஒரு துணிப் பையைக் கட்டிவிட்டார். வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வந்தவுடன் ஒரு தடவை அதைப் போய்ப் பார்ப்பார்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுப் பொன்னுதுரை வந்தார். தோணியில் சரக்கு ஏற்றுகிற தொழில் அவருக்கு. ஆவணியில் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார், புதுசாக ஒரு அறை எடுக்க வேண்டும். மரம் சரியாக எல்லையில் நிற்கிறது, வேர் அவர் பக்கம் வந்துவிட்டது.

“அண்ணாச்சி, மரத்த வெட்டணும்னு நான் சொல்லல. அக்கா வச்ச மரம். ஆனா செவரு எழும்பணும்லா,” என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பொன்னுதுரை கெட்ட மனுஷர் இல்லை. அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவராகவே சொன்னார். “பழம் இனிச்சா மரம் நிக்கட்டும், நீரு செவர உள்ள தள்ளிக் கட்டும். புளிச்சா வெட்டிருவோம்.”

“சரி அண்ணாச்சி. உங்க வாக்கு போதும்.”

இப்படி ஒரு ஒப்பந்தத்தை வேறு எவனாவது செய்வானா? எனக்குக் கோபம்தான் வந்தது. இனித்தால் என்ன, புளித்தால் என்ன, பெண்டாட்டி வைத்த மரம் என்று சொன்னால் பொன்னுதுரை பேசாமல் போயிருப்பார். ஆனால் அண்ணாச்சிக்கு அது நியாயமாகப் படவில்லை. மனைவியோடு போட்ட அந்தச் சண்டைக்கு அவருக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவர்கள் கிறிஸ்தவச் சபையில் ஒரு மரத்தின் முதல் பழத்தை வீட்டுக்காரர்கள் சாப்பிட மாட்டார்கள். அது கோயிலுக்கு. ஆனி மாதம், விளைச்சலுக்கு நன்றி சொல்கிற ஸ்தோத்திரப் பண்டிகையில் முழுசாகக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அங்கே ஏலம் போடுவார்கள், எடுத்தவர்கள் கொண்டுபோவார்கள். கொடுத்தவனே ஏலத்தில் திரும்ப எடுக்கிற வழக்கமும் சில வீடுகளில் உண்டு. ஜெபகனி அம்மாவுக்கு அது பிடிக்காது. ஆண்டவருக்குக் கொடுத்ததில் கை நீளக் கூடாது என்பார்களாம். அதனால் இருக்கிற ஒரே பழத்தை அண்ணாச்சி அறுக்கவும் முடியாது, ருசி பார்க்கவும் முடியாது. இனிப்பா புளிப்பா என்று மட்டும் தெரிய வேண்டும்.

“பழத்துல ஒரு கீறல் விழாம இனிப்பப் பாக்கணும் பெருமாள்,” என்றார் ஒரு நாள்.

“மோந்து பாருங்க அண்ணாச்சி.”

“மோந்தா மணம்தான் தெரியும். இனிப்பு தெரியுமா?” என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். “இனிப்புன்னா என்னலே? சீனி. சீனி தண்ணியில கரைஞ்சா தண்ணி கனக்கும், உப்புக் கரைஞ்சா கனக்குதில்லா, அதே மாதிரி. இனிப்பான பழம் கனமா இருக்கும். கனமானது தாழும். புளிச்சது மிதக்கும்.”

கேட்கச் சரியாகத்தான் இருந்தது.

மறுநாளே வாளிகளை வரிசையாக வைத்துவிட்டார். ஒன்றில் வெறும் நல்ல தண்ணீர். அடுத்தடுத்த வாளிகளில் உப்பளத்துத் தண்ணீரை அளவாகக் கலந்து, ஒன்றைவிட ஒன்று ஒரு டிகிரி கூடுதலாக. குடிதண்ணீருக்குத் தெருவே குடத்தோடு நிற்கிற ஊரில் இந்த ஆள் மாம்பழத்தைக் குளிப்பாட்ட வாளி வாளியாய்ப் பிடிக்கிறார் என்று குழாயடியில் ஒரே ஏச்சு. அவர் காதில் வாங்கவில்லை.

சொந்தப் பழத்தை விடுவதற்கு முன்னால் மற்றப் பழங்களை வைத்துப் பார்க்க வேண்டுமல்லவா? மார்க்கெட்டிலிருந்து நீலம், கிளிமூக்கு, சப்பட்டை, நாட்டுப் பழம் என்று பையில் வாங்கி வருவார். ஒவ்வொன்றாக வாளியில் விட்டு, எந்த வாளி வரை தாழ்கிறது என்று பார்ப்பார். பிறகு அறுத்து என்னிடம் நீட்டுவார். ருசி பார்ப்பது என் வேலை. அவர் ஒரு துண்டுகூட வாயில் வைக்க மாட்டார். “நான் தின்னா எனக்கு வேண்டியது மாதிரி ருசிக்கும். நீ தின்னு,” என்பார். நான் தின்றேன். ஆனி மாதம் பிறக்கும் வரை அந்த வீட்டில் நான் தின்ற மாம்பழத்துக்கு என் வயிறுதான் சாட்சி.

அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ போலிருக்கிறது. மேற்கு வெயில் வாளித் தண்ணீரில் விழும். அவர் முக்காலியில் எதிரே உட்கார்ந்து, நான் மெல்வதை ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். நான் “இனிப்பு”, “சுமார்”, “ஐயோ புளி” என்று சொல்வேன். தலையை ஆட்டிக்கொள்வார். இருட்டுகிற நேரம் நான் எழுந்தால், “இன்னும் ஒண்ணு இருக்கே, அறுக்கட்டா?” என்பார். மாம்பழத்துக்காக அவர் அப்படிக் கேட்கவில்லை. எனக்கும் லாட்ஜுக்குப் போக அவசரமில்லை, உட்காருவேன்.

சும்மா சொல்லக்கூடாது, அவர் கணக்கு தப்பவில்லை. மூன்று டிகிரியிலும் தாழ்ந்த பழம் தேனாக இருந்தது. நல்ல தண்ணீரிலேயே மிதந்தது வாயில் வைக்க முடியாமல் புளித்தது. நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

பண்டிகைக்கு முந்தின வாரம் காய் பழுத்தது. காம்போடு பறித்து, காம்பில் மெழுகு வைத்து மூடி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். முதலில் மூன்று டிகிரி வாளியில் விட்டார். மிதந்தது. எடுத்து, இரண்டு டிகிரியில் விட்டார். மிதந்தது. ஒன்று. மிதந்தது. கடைசியில் நல்ல தண்ணீர். பழம் உள்ளே போய், மெதுவாக மேலே வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

அவர் குத்தவைத்தபடியே இருந்தார். தண்ணீர் அசைவு அடங்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை.

“அண்ணாச்சி, இன்னொரு தடவ விட்டுப் பாப்போமே,” என்றேன்.

அவர் பழத்தை எடுத்துத் துடைத்துக் கூடையில் வைக்கோல் மேல் வைத்தார். பிறகு வேலிப் பக்கம் போய்ப் பொன்னுதுரையைக் கூப்பிட்டார்.

“மிதந்துட்டு. நாளைக்கே ஆளக் கூப்பிட்டு வெட்டிரும்.”

பொன்னுதுரை பதறிப்போனார். “என்ன அண்ணாச்சி அவசரம்? பண்டிகை முடியட்டும். ஏலத்துல எடுத்தவங்க தின்னு பாத்துச் சொல்லட்டும். கொத்தனார் நாலு நாள் கழிச்சு வந்தா ஒண்ணும் கொறஞ்சு போயிராது.”

“பாத்தாச்சு.”

“இல்ல அண்ணாச்சி…”

“பாத்த டிகிரிய மறுபடி பாக்கிற வழக்கம் எனக்குக் கெடையாது,” என்றார் அண்ணாச்சி. குரல் உடைந்திருந்தது.

மறுநாள் வெட்டினார்கள். வேரோடு தோண்டி எடுத்துவிட்டு அந்தக் குழியிலேயே அஸ்திவாரத்துக்கு வானம் பறித்தார்கள். அன்றைக்கு அண்ணாச்சி வேலைக்கு வந்தார். பாத்தி பாத்தியாக டிகிரி பார்த்தார். சாயங்காலம் ஆபீஸ் வாசலில் என்னிடம், “கடைசில நாந்தான் ஜெயிச்சேன் பெருமாள்,” என்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். நான் திரும்பி ஆபீஸ் கதவைப் பூட்டினேன்.

பண்டிகைக்கு நானும் போனேன். எங்கள் சாமி வேறு என்றாலும் அந்த ஏலத்தை வேடிக்கை பார்க்க ஊரே போகும். சேவல், பூசணிக்காய், கருப்பட்டி, முட்டை, நுங்குக் குலை, கன்றுக்குட்டி. ஏலம் போடுகிற தேவபிரசாதம் உபதேசியார் ஒவ்வொன்றையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி ஆளைச் சிரிக்க வைப்பார். நடுவில் அண்ணாச்சியின் பழம் வந்தது. “ஒத்தப் பழம்! ஒத்தப் பழம்! அருமைநாயகம் அண்ணாச்சி வீட்டு முதற்பலன்!” பொன்னுதுரை கேட்டார். நான் அதற்கு மேல் கேட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மூன்று தரம் சொல்லிப் பழத்தை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

எதற்காக எடுத்தேன்? யாராவது அதை வாயில் வைத்து முகம் சுளித்து, “என்ன புளி” என்று பத்துப் பேருக்கு முன்னால் சொல்லிவிடக் கூடாதே என்று எடுத்தேன். பேசாமல் லாட்ஜுக்குக் கொண்டு போயிருக்கலாம். ஆனால் கோயில் வாசலில் அண்ணாச்சி நின்றிருந்தார்.

“வீட்டுக்கு வா. அங்க வச்சு அறுத்துப் பாத்துருவோம்,” என்றார்.

பின்பக்கம் மரம் நின்ற இடத்தில் புதுச் சுவரின் அஸ்திவாரம் எழும்பியிருந்தது. வாளிகள் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன. அவர் கத்தியைக் கொண்டுவந்து என்னிடமே கொடுத்தார். “நான் தொடக்கூடாது, நீயே அறு.” முக்காலியை இழுத்து வழக்கம்போல எதிரே உட்கார்ந்தார்.

ஒரு கன்னத்தை அறுத்தேன். நல்ல மஞ்சள். ஒரு துண்டை வாயில் வைத்தேன்.

அந்த மாதிரி ஒரு பழத்தை நான் அதற்கு முன்னாலும் தின்றதில்லை, பின்னாலும் தின்றதில்லை. நாக்கில் பட்டவுடன் அந்த அம்மா பஸ்ஸில் சொன்னது என் காதுக்குள் கேட்டது. அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அந்தச் சுவர் தெரிந்தது. நான் மென்று விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

“புளி அண்ணாச்சி. சரியான புளி.”

அவர் மெதுவாகச் சொன்னார்.

“புளிச்சா ஒனக்கு எடது கண்ணு மூடும். சுமாரா இருந்தா நாக்க மேல ஒட்டுவ. இனிச்சா புருவம் ரெண்டும் ஏறும். இம்புட்டு நாளா நான் என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்னு நெனச்ச?”

என்ன செய்வதென்று தெரியாமல் பழத்தின் அடுத்த பக்கத்தை அறுத்தேன். கத்தி கொட்டையின் ஓட்டில் ஏறிவிட்டது. வெற்றுப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், கொட்டை சட்டென்று பிளந்துகொண்டது. உள்ளே பருப்பு இல்லை. கரித்தூள் மாதிரி என்னமோ கொஞ்சம். அதற்குள்ளிருந்து ஒரு கறுப்பு வண்டு வந்து, கத்தி முனையில் ஏறி, பறந்து போய்விட்டது.

வெளியே ஒரு கீறல்கூட இல்லாத பழம். பூவில் இருக்கும்போதோ பிஞ்சாக இருக்கும்போதோ உள்ளே போன வண்டு. கொட்டையைத் தின்று கூடாக்கிவிட்டது, சதையைத் தொடவில்லை. அந்தக் கூடுதான் பழத்தை மிதக்க வைத்தது. காலமெல்லாம் உப்புத் தண்ணீர் பார்த்தவர் அவர். கலக்கிவிட்ட தண்ணீரில் ஒரு கரண்டி எப்படி இருக்கிறதோ பாத்தி முழுக்க அப்படித்தான் இருக்கும். பழத்துக்குள் சதை வேறு, கொட்டை வேறு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

அண்ணாச்சி பிளந்த கொட்டையைக் குனிந்து பார்த்தார். “இத நட்டாலும் மொளைக்காது, இல்லியா?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

பிறகு அவர் என்னைப் பார்க்காமல் அடுப்படிப் பக்கம் திரும்பினார். கழுவிக் கவிழ்த்த இரண்டு தட்டும் அங்கே இருந்தன.

“ஏளா ஜெபகனி, நீ சொன்னதுதான் சரி,” என்றார். சத்தமாகத்தான் சொன்னார், உள்ளே வேலையாக இருப்பவளுக்குக் கேட்கிற மாதிரி. சொல்லிவிட்டு, பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அப்படியே இருந்தார்.

நான் ஒரு துண்டை அறுத்து அவரிடம் நீட்டினேன். “ஒரு வாய் தின்னு பாருங்க அண்ணாச்சி. இனிமே என்ன இருக்கு?”

“கொடுத்ததுல கை நீளக்கூடாது. அவளுக்குப் பிடிக்காது,” என்று என் கையைத் திருப்பி என் பக்கமே தள்ளினார். “நீ தின்னு பெருமாள். வீணாக்கிராத. முழுசும் தின்னு.”

தின்றேன். அழுகை ஒரு பக்கம், இனிப்பு ஒரு பக்கம், எப்படித் தின்றேன் என்று தெரியவில்லை. அவர் முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைசித் துண்டு வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.